டாக்டர்கிட்ட கேள்வி கேட்டா அந்தக் கோவம் அம்மா மேல திரும்பிருமோ?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். 72 வயசு அம்மா, இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி அஞ்சு நாள், பிபி சுகர் ரெண்டும் ஏற்கெனவே உண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ்ல ரெண்டு நிமிஷம்தான் நிக்கறாரு, ஏதாவது கேட்டா முகம் மாறுது, வீட்ல மெடிக்கல் படிச்சவங்க யாரும் இல்ல, அம்மாவுக்காக நான் எப்படி பேசறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க நிஜமா கேக்கறது வேறன்னு எனக்கு படுது. நாம கேள்வி கேட்டு அவங்களுக்கு எரிச்சல் வந்து, அந்த எரிச்சல் பேச முடியாம படுத்திருக்கற அம்மா மேல திரும்பிட்டா என்ன பண்றது, அதானே? 22 வருஷமா வார்டுலயும் ஐசியூலயும் நர்ஸா இருக்கேன், கட்டிலுக்கு அந்தப் பக்கம் அப்பாவோட மகளாவும் நின்னிருக்கேன், அந்த ரெண்டையும் வச்சுத்தான் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு அவசரம். நடுவுல ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க, "ரெண்டு நாளா தூங்கிட்டே இருக்காங்க, வயசாச்சுல்ல அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க"ன்னு. அதை நாளைக்கு ரவுண்ட்ஸ் வரைக்கும் வச்சிருக்காதீங்க, இதை படிச்ச உடனே எந்திரிச்சு போய் டூட்டி சிஸ்டர்கிட்டயோ டூட்டி டாக்டர்கிட்டயோ சொல்லுங்க. சுகர் இருக்கறவங்க சரியா சாப்பிடாம மருந்து மட்டும் போயிட்டு இருந்தா சுகர் இறங்கி மயங்கின மாதிரி கிடப்பாங்க, விரல்ல ஒரு குத்து குத்தி பாத்தா அப்பவே தெரிஞ்சிரும், 70க்கு கீழ இருந்தா உடனே பாக்க வேண்டிய விஷயம். அது இல்லேன்னா இன்ஃபெக்ஷன், யூரின் போகாம அடைச்சு நிக்கறது, ரத்தத்துல உப்பு குறையறது, வலிக்கு குடுக்கற மருந்து அதிகமாகறது, ஆக்சிஜன் குறையறதுன்னு பல காரணம் இருக்கு. உடம்புல இருக்கற இந்த மாதிரி கோளாறால மூளை திடீர்னு குழம்பியோ மந்தமாவோ ஆகறதுக்கு டெலிரியம்னு பேரு. இடுப்பு ஆபரேஷன் ஆன வயசானவங்களுக்கு ரொம்ப சகஜமா வர்றதுதான், ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சது கத்தி ஆர்ப்பாட்டம் பண்ற டெலிரியம் மட்டும்தான். சத்தமில்லாம தூங்கிக் கிடக்கற வகைதான் எங்க கண்ணுல படாம போகும். வயசானதால யாரும் ரெண்டு நாள்ல இப்படி மாற மாட்டாங்க. உங்க அம்மாவுக்கு இதுல எது காரணம்னு நான் இங்கேர்ந்து சொல்லவே முடியாது, பக்கத்துல நின்னு பாக்கறவங்கதான் சொல்லணும், ஆனா பாக்க வேண்டிய விஷயம்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இதுல நான் நேர்ல பாத்த ஒண்ணை சொல்லணும். நுரையீரல்ல சளி கட்டி அட்மிட் ஆன ஒரு பாட்டி, மூணாவது நாள், காய்ச்சல் விட்டாச்சு, பிபி நார்மல், கூப்பிட்டா கண்ணைத் திறந்து பாத்து பதில் சொல்றாங்க, படுத்தாம இருக்காங்க. ஷீட்டுல அமைதியா இருக்காங்க, ஒத்துழைக்கறாங்கன்னு நானே எழுதினேன். சாயங்காலம் மக வந்தாங்க, அஞ்சு நிமிஷத்துல என்னைத் தேடி ஓடி வந்து, "சிஸ்டர், அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு, என்னை வாங்க உக்காருங்கன்னு சொல்றாங்க"ன்னாங்க. எனக்கு புரியல, மரியாதையாத்தானே பேசறாங்கன்னேன். "எங்கம்மா பொறந்ததுலேர்ந்து என்னை வாடி போடின்னுதான் கூப்பிடுவாங்க, வாங்கன்னு ஒருநாளும் சொன்னதில்ல, நான் யாருன்னே அவங்களுக்கு தெரியல"ன்னு சொல்லும்போது அவங்க குரல் நடுங்குச்சு. நான் போய் இது எந்த இடம், என்ன நேரம்னு கேட்டேன், பாட்டி சிரிச்சுக்கிட்டே எங்கயோ பதில் சொன்னாங்க. அடிவயித்துல கை வச்சா கல்லு மாதிரி இருந்துச்சு, யூரின் அடைச்சு நின்னுருக்கு, டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. மறுநாள் மத்தியானம் மகளை வாடின்னு கூப்பிட்டாங்க. அத்தனை மெஷினும் நானும் சேர்ந்து கண்டுபிடிக்காததை அந்த மக ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சாங்க.

அதனாலதான் எனக்கு மெடிக்கல் தெரியாதேன்னு நீங்க தயங்கறதை என்னால ஏத்துக்க முடியல. மெடிசின் தெரிஞ்சவங்க அங்க நிறைய பேர் இருக்காங்க. உங்க அம்மா சாதாரணமா எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சவங்க அந்த வார்டுலயே நீங்க ஒருத்தர்தான். எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் டூட்டி மாறுது, டாக்டர் மாறறாங்க, ஐசியூலேர்ந்து வார்டு, வார்டுலேர்ந்து ரூம்னு இடமும் மாறுது, ஒவ்வொரு மாத்தத்துலயும் ஏதாவது ஒரு தகவல் நழுவும், எல்லாத்துலயும் கூடவே வர்ற ஆள் நீங்க மட்டும்தான். அந்த நூலை விடாம பிடிச்சுக்கறதுதான் உங்க வேலை, டாக்டர் வேலை பாக்கறது இல்ல.

இப்ப கோவத்துக்கு வர்றேன். கேள்வி கேட்டதுக்காக பேஷண்டை வேணும்னே கவனிக்காம விட்டவங்களை இத்தனை வருஷத்துல நான் பாத்ததில்ல, ஆனா சலிச்சுக்கறவங்க, வெடுக்குனு பேசறவங்க இருக்காங்க, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது, நானும் நைட் டூட்டி முடியற நேரத்துல அப்படி பேசியிருக்கேன். எரிச்சல் வர்றது பெரும்பாலும் கேள்வியால இல்ல, கேக்கற நேரத்தாலயும் விதத்தாலயும்தான். பக்கத்து பெட்ல ஒருத்தருக்கு மூச்சு திணறும்போது டிஸ்சார்ஜ் எப்பன்னு கேட்டா யாருக்குமே பதில் வராது. ஒரே வீட்லேர்ந்து நாலு பேர் நாலு தடவை வந்து ஒரே கேள்வியை கேட்டாலும் அப்படித்தான், அதனால குடும்பத்துல ஒருத்தர் மட்டும் டாக்டர்கிட்ட பேசறதுன்னு முடிவு பண்ணி அவங்க பேரையும் நம்பரையும் கேஸ் ஷீட்ல எழுத வைங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லிட்டு சத்தம் போட்டாத்தான் கவனிப்பாங்கன்னு சிலர் நினைக்கறாங்க. சத்தம் போட்டா அந்த நிமிஷம் நாலு பேர் வருவாங்க, அப்பறம் உங்களைப் பாத்தாலே ஒதுங்கிப் போவாங்க.

ரெண்டு நிமிஷம்தான் நிக்கறாருன்னீங்க. 1984ல அமெரிக்காவுல பண்ண ஒரு ஆராய்ச்சியில, பேஷண்ட் பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிடறாங்கன்னு வந்துச்சு. 2002ல சுவிட்சர்லாந்துல, குறுக்க பேசாம விட்டா எவ்வளவு நேரம் பேசுவாங்கன்னு பாத்தாங்க, சராசரி 92 செகண்ட்தான். அதாவது ரெண்டு நிமிஷம் போதும், ஆனா முக்கியமானது முதல் வாயிலேயே வந்துரணும். நம்ம ஆட்கள் ஆதியிலேர்ந்து ஆரம்பிப்பாங்க, போன மாசம் கல்யாணத்துக்கு போனோம் அங்கேர்ந்துதான் எல்லாம்னு, விஷயத்துக்கு வர்றதுக்குள்ள டாக்டர் அடுத்த பெட்டுக்கு போயிருப்பாரு. நாங்க நர்ஸுங்க ராத்திரி டாக்டருக்கு போன் பண்ணும்போது ஒரு வரிசை வச்சிருக்கோம், இப்ப என்ன, இதுக்கு முன்னாடி எப்படி, எனக்கு என்ன தோணுது, என்ன வேணும். அதையே நீங்களும் எடுத்துக்கலாம். "அம்மா நேத்து காலையிலேர்ந்து எழுப்பினாலும் சரியா முழிக்கல, ஆபரேஷனுக்கு மறுநாள் என்னோட நல்லா பேசிட்டு இருந்தாங்க, இது சாதாரண அசதி மாதிரி எனக்கு தெரியல, இன்னைக்கே பாத்து என்ன காரணம்னு சொல்லணும்." சொல்லிப் பாருங்க, 15 செகண்ட்தான் ஆகும். இதுல டாக்டர் தப்பு பண்ணிட்டாருன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, அதே சமயம் தட்டிக் கழிக்கவும் முடியாது, ஏன்னா எப்பலேர்ந்து, எப்படி இருந்து எப்படி மாறுச்சுன்னு தெளிவா இருக்கு.

இந்த நேரக் கணக்கு ரொம்ப முக்கியம். பக்கவாதம் மாதிரி வாய் கோணிருச்சு, கை தூக்க முடியலன்னா டாக்டர் முதல்ல கேக்கறது கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்னுதான், ஏன்னா ரத்தக்கட்டியை கரைக்கற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட வேண்டியது. அதனால சின்ன நோட்டு ஒண்ணு வாங்கி தேதி, நேரம் போட்டு எழுதுங்க, எவ்வளவு சாப்பிட்டாங்க, யூரின் எப்ப போனாங்க, எந்த மருந்து புதுசா ஆரம்பிச்சாங்க, எந்த டாக்டர் என்ன சொன்னாரு. மூச்சு விடறதையும் எண்ணலாம், ஒரு நிமிஷம் முழுசா, நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு. பெரியவங்களுக்கு 12லேர்ந்து 20 வரைக்கும் இருக்கலாம், சும்மா படுத்திருக்கும்போதே 25ஐ தொட்டா காத்திருக்காம சொல்லுங்க, உடம்பு மோசமாகறதுக்கு முன்னாடி முதல்ல மாறறது அநேகமா அந்த எண்ணிக்கைதான், ஆனா வார்டுல அவசரத்துல சரியா எண்ணாம விடறதும் அதைத்தான்.

டாக்டர் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கறதுங்கறதுக்கும் ஒரு அளவு வச்சுக்கோங்க. புதுசா ஒரு ட்ரீட்மெண்டோ ஆபரேஷனோ சொன்னா, இதனால என்ன நல்லது, என்ன ஆபத்து, வேற வழி இருக்கா, கொஞ்ச நாள் ஒண்ணும் பண்ணாம பாத்தா என்ன ஆகும், இந்த நாலும் தெரிஞ்சுக்காம கையெழுத்து போடாதீங்க, உயிர் போற அவசரம் மட்டும் விதிவிலக்கு. நோய் என்னன்னே பிடிபடாம இழுத்துக்கிட்டு போனா, "இது வேற என்னவா இருக்க வாய்ப்பு இருக்கு டாக்டர்"னு கேளுங்க. நல்ல டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், ஏன்னா முதல்ல எழுதின நோய்ப் பேரு கேஸ் ஷீட்ல ஒட்டிக்கிட்டு எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு போறது எங்களுக்கும் தெரிஞ்ச ஆபத்துதான். அவர் சொல்லி முடிச்சதும் நீங்க புரிஞ்சுக்கிட்டதை உங்க வார்த்தையில திருப்பி சொல்லுங்க, "அப்ப ரத்தம் உறையாம இருக்கற ஊசி இன்னும் நாலு வாரம், நடக்க ஆரம்பிச்சாலும் நிறுத்தக்கூடாது, சரியா?"ன்னு, தப்பா புரிஞ்சிருந்தா அங்கயே தெரிஞ்சிரும்.

மருந்து விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், ஏன்னா என் அப்பாவுக்கு நடந்தது அதுலதான். பிபிக்கு வீட்ல ஏற்கெனவே அம்லோடிபின் 5 போட்டுக்கிட்டு இருந்தாரு, வேற ஒரு காரணத்துக்காக அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆஸ்பத்திரியில வேற கம்பெனி மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அதுவும் அம்லோடிபின், 10. பேர் வேற, கலர் வேற, பழசை நிறுத்தணும்னு சம்மரியில ஒரு வரி இல்ல. அப்பா ரெண்டையும் அஞ்சு நாள் போட்டிருக்காரு. ஆறாம் நாள் விடியக்காலை பாத்ரூம் போக எந்திரிச்சவரு தலை சுத்தி விழுந்து நெத்தியில அடி. நான் அந்த மாத்திரையை தினமும் பத்து பேருக்கு குடுக்கறவ, டிஸ்சார்ஜ் அன்னைக்கு நானேதான் மருந்து வாங்கிட்டு வந்தேன், அட்டைக்கு பின்னாடி இருக்கற மருந்தோட பேரை படிக்கல. ஆஸ்பத்திரியில சரி பாத்துத்தான் குடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். அந்தத் தையல் போட்ட நெத்தியை பாக்கும்போதெல்லாம் இன்னைக்கும் மனசு கேக்காது.

மருந்து தப்புங்க அதிகமா நடக்கறது அட்மிட் ஆகும்போது, இடம் மாறும்போது, டிஸ்சார்ஜ் ஆகும்போதுதான், இது உறுதியா தெரிஞ்ச விஷயம். உலக சுகாதார நிறுவனமே 2017ல மருந்தால வர்ற பாதிப்பை குறைக்கணும்னு ஒரு உலகளாவிய திட்டம் ஆரம்பிச்சப்ப, இந்த இட மாத்தத்தைத்தான் முக்கியமான மூணு இடத்துல ஒண்ணா சொல்லுச்சு. அதனால வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும், தைலம், சூரணம், சத்து மாத்திரை உள்பட ஒரு பையில போட்டு அப்படியே கொண்டு போய் காட்டுங்க. கம்பெனி பேருக்கு கீழ சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரை ஒரு லிஸ்ட்டா எழுதுங்க, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதுக்காக. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பழைய லிஸ்ட்டையும் புது லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா கேளுங்க, இது தொடரணுமா, நிறுத்தணுமா, அளவு மாறிருக்கா. முடக்கு வாதத்துக்கு குடுக்கற மெத்தோட்ரெக்சேட் மாதிரி வாரத்துக்கு ஒருதரம் மட்டும் போட வேண்டிய மருந்தை தினமும் போட்டு உயிரே போயிருக்கு, அதனால எத்தனை நாளைக்கு ஒருதரம்ங்கறதை வாயால சொல்ல வச்சு கேட்டுக்கோங்க. பாராசிட்டமால் தனி மாத்திரையிலயும் இருக்கும், ஜலதோஷ மாத்திரையிலயும் இருக்கும், வலி மாத்திரையோட கலந்தும் இருக்கும், பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம் தாண்டக்கூடாது. அலர்ஜின்னு சொல்லும்போது என்ன ஆச்சுன்னும் சேர்த்து சொல்லுங்க, உடம்பு தடிச்சு மூச்சு முட்டுச்சா, இல்ல வயித்தால போச்சா, ரெண்டும் ஒண்ணு இல்ல. அமெரிக்கா கணக்குல பத்துல ஒருத்தருக்கு பென்சிலின் அலர்ஜின்னு ரெக்கார்டுல இருக்கு, அவங்களை டெஸ்ட் பண்ணிப் பாத்தா பத்துல ஒம்போது பேருக்கு மேல அலர்ஜியே இல்ல, ஆனா அந்த ஒரு வார்த்தையால நல்ல மருந்து கிடைக்காம போயிருது.

டெஸ்ட் ரிசல்ட் பத்தி சுருக்கமா சொல்றேன். ஒண்ணும் சொல்லலைன்னா நல்லாத்தான் இருக்கும்னு நினைக்காதீங்க, கிருமியை வளர்த்துப் பாக்கற கல்ச்சர், சதையை எடுத்துப் பாக்கற பயாப்ஸி எல்லாம் பல சமயம் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வரும், யார் பாப்பாங்க, எந்த தேதிக்கு நாங்க கேக்கணும்னு எழுதி வாங்கிக்கோங்க. யூரின் டியூப், டிரிப்ஸ் ஊசி இன்னும் தேவையான்னு தினமும் கேளுங்க, டியூப் இருக்கற ஒவ்வொரு நாளும் இன்ஃபெக்ஷன் ஆபத்து கூடும்.

சொல்லியும் யாரும் காதுல வாங்கலைன்னா? அப்ப படிப்படியா மேல போகணும், முதல்ல டூட்டி சிஸ்டர், அப்பறம் வார்டு இன்சார்ஜ், டூட்டி டாக்டர், பெரிய டாக்டர், அதுக்கும் மேல ஆஸ்பத்திரி நிர்வாகம். ஒவ்வொரு இடத்துலயும் நிதானமா ஒண்ணு கேளுங்க, "நான் சொன்னதையும் நீங்க என்ன முடிவு பண்ணீங்கன்னும் கேஸ் ஷீட்ல எழுதிடுங்க." எழுதணும்னதும் இன்னொரு தடவை யோசிப்பாங்க, எங்க வேலை அப்படி. வேற டாக்டர்கிட்ட ஒரு ஒப்பீனியன் கேக்கறதும் துரோகம் இல்ல. சில இடங்கள்ல இதுக்குன்னே விதி வந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல 2007ல ஒரு சின்னக் குழந்தை, பெத்தவங்க மோசமாகுதுன்னு சொல்லியும் சரியான நேரத்துல கவனிக்கப்படாம இறந்துபோச்சு, அதுக்கப்பறம் வந்ததுதான் ரையன்ஸ் ரூல். இங்கிலாந்துல 2024லேர்ந்து மார்த்தாஸ் ரூல் நடைமுறைக்கு வர ஆரம்பிச்சிருக்கு. ரெண்டுலயும் உடம்பு மோசமாகுதுன்னு குடும்பத்துக்கு பட்டா, சிகிச்சை குடுக்கற டாக்டரைத் தாண்டி வேற டீமை கூப்பிட்டு பாக்க சொல்ல முடியும். உங்க ஆஸ்பத்திரியில அப்படி ஏதாவது நம்பர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க.

உறுதியா தெரிஞ்சதையும் என் அபிப்ராயத்தையும் கலந்து சொல்லிட்டு இருக்கேன், அதை பிரிச்சிடறேன். சரி பாக்கற பழக்கம் ஆபத்தை குறைக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல பேரு, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன்னு சத்தமா சொல்லி சரி பாக்கற உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல், 2009ல எட்டு நகரங்கள்ல பாத்தப்ப இறப்பு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8 சதவீதமா குறைஞ்சுது, 2014ல கனடாவுல ஒண்டாரியோவுல பாத்தப்ப அந்த அளவு வித்தியாசம் தெரியல. உண்மையா செஞ்சாங்களா, டிக் மட்டும் போட்டாங்களாங்கறதுலதான் வித்தியாசம் வருதுன்னு நான் நினைக்கறேன், அது என் கருத்து. கோவத்தைப் பத்தி சொன்னதும் என் அனுபவம்தான். நெட்ல தேடிப் படிக்கறதை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், கேள்வியை தயார் பண்ணிக்க நல்லது, ஆனா நெட்ல பாத்துட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தறது, கூட்டறது மட்டும் கூடவே கூடாது. நீங்க எல்லாம் சரியா பண்ணியும் சில சமயம் உடம்பு மோசமாகும், அப்ப நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களோன்னு உங்களை நீங்களே அரிச்சுக்க வேண்டாம், நோயோட வேகம் நம்ம கையில இல்ல.

கடைசியா, அம்மாவுக்காக பேசறோம்னு அம்மாவையே பேச விடாம பண்ணிடறதும் நடக்குது. டாக்டர் "வலி இருக்காம்மா"ன்னு கேப்பாரு, பக்கத்துல நிக்கற மகன் "இல்ல டாக்டர், பரவாயில்ல"ம்பாரு, அம்மா வாயைத் திறந்து மூடிக்குவாங்க. தெளிஞ்சதும் நேரா அவங்ககிட்டயே கேளுங்க, எது அவங்களுக்கு முக்கியம், எது வேண்டவே வேண்டாம், தன்னால சொல்ல முடியாம போனா யார் முடிவு பண்ணணும்னு. வயசானவங்க பாதி நேரம் பதில் சொல்லாததுக்கு கேள்வி காதுல விழாததுதான் காரணம். ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டு போகும்போது கண்ணாடி, காது மிஷின், பல் செட் எல்லாத்தையும் கழட்டி உங்க கையில குடுத்திருப்பாங்க, அது இன்னும் அந்த பையிலயே கிடக்கும், நிறைய பேர் பெட்ல பாத்திருக்கேன். அதை எடுங்க, கண்ணாடியை நல்லா துடைங்க, மிஷின்ல பேட்டரி இருக்கான்னு பாருங்க, நாளைக்கு ரவுண்ட்ஸுக்கு பத்து நிமிஷம் முன்னாடி அம்மாவை நிமித்தி உக்கார வைக்க சிஸ்டரை உதவிக்கு கூப்பிட்டு, எல்லாத்தையும் மாட்டி விட்டுருங்க.